டின்னில் கிடக்கும் போல்ட் பழைய காருக்கு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டத்துக் கிராணிமார் ஒரு காலத்தில் ஓட்டிய மோரிஸ் மைனர் கார்களை இப்போது பேரப்பிள்ளைகள் தூசி தட்டி எடுக்கிறார்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் பெயிண்டுக்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுப்பவர்கள், நட்டு போல்ட் என்று வந்தால் பழைய டின்னைக் கவிழ்த்து, எது நுழைகிறதோ அதைப் போட்டுவிடுகிறார்கள்.

மைனரில் பெரும்பாலும் யுஎன்எஃப் எனப்படும், அங்குல அளவிலான நெருக்கமான மரை. 5/16 அங்குல போல்டின் குறுக்களவு 7.94 மில்லிமீட்டர். எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்டும் கண்ணுக்கு அதே பருமன்தான். 13 ஸ்பேனர் இரண்டின் தலையையும் பிடிக்கும். ஆனால் முன்னதில் அங்குலத்துக்கு 24 மரை, பின்னதில் சுமார் 20. எம்8 நட்டை 5/16 போல்டில் விரலால் திருகினால் ஓரிரு சுற்று ஏறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீறி ஸ்பேனர் போட்டால் மரை நசுங்கி வெள்ளிச் சீவலாக உதிரும். கைக்கு நன்றாக இறுகியதுபோல் தெரியும். அது மரையும் மரையும் மல்லுக்கட்டும் இறுக்கம், பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இறுக்கமல்ல. வண்டி ஆட ஆட கழன்றுவிடும்.

ஜப்பான் கார் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். பழைய டொயோட்டா, டட்சன் கார்களின் எம்10 போல்டுகளில் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர். ஹார்ட்வேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5. பருமன் அளக்கும் வெர்னியரும் மரை அளக்கும் கேஜும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய போல்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது பலம். மெட்ரிக் போல்டின் தலையில் 8.8, 10.9 என்று பலத்தின் தரம் பொறித்திருக்கும்; எண் கூடினால் பலமும் கூடும். அமெரிக்க முறையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. கிரேடு 5-ம் 8.8-ம் ஏறக்குறைய சமம். தலை மொட்டையாக இருந்தால் ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மஞ்சள் பூச்சைப் பார்த்து "ஹை டென்சைல்" என்று நம்புவதும் தவறு. பூச்சு துருவைத்தான் தடுக்கும்.

பளபளப்புக்காக எங்கும் எவர்சில்வர் போல்ட் போடுவது இன்னொரு பழக்கம். ஏ2-70 என்ற தர எவர்சில்வர் 450 மெகாபாஸ்கல் (இழுவிசையின் அளவு) வந்ததும் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 8.8 எஃகு 640 வரை தாங்கும். போதாக்குறைக்கு எவர்சில்வர் நட்டு எவர்சில்வர் போல்டிலேயே ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது முறியும். மட்கார்டு, நம்பர் பிளேட்டுக்குப் போடுங்கள், அழகாக இருக்கும். அதோடு சரி.

சஸ்பென்ஷன் புஷ்ஷுக்குள் (மூட்டில் இருக்கும் உறைக்குள்) போகும் போல்டில் மரை இல்லாத வழவழப்பான தண்டு போதிய நீளம் இருக்க வேண்டும். முழு மரை போல்டைப் போட்டால் மரை அரம்போல வேலை செய்து துளையைத் தின்றுவிடும். கழலாமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு ஒருமுறைக்கு மட்டுமே. புகைக்குழாய் அருகே அந்த நைலான் இளகிவிடும், அங்கே பித்தளை நட்டுதான் பொருத்தம், பிறகு கழற்றவும் சுலபம். ஸ்டீயரிங் மூட்டில் காடி வெட்டிய நட்டு இருந்தால், அதன் காடி வழியே போட்டு மடக்கும் பூட்டு ஊசி (ஸ்பிளிட் பின்) எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். ஊசித் துளை காடிக்கு நேராக வரவில்லையென்று நட்டைத் தளர்த்தாதீர்கள், அடுத்த காடி வரும்வரை இறுக்குங்கள்.

துரு நீக்க ஆசிட்டில் ஊறவைப்பதும் வேண்டாம். 10.9-ம் அதற்கு மேலும் உள்ள கடினமான போல்டுகளுக்குள் ஆசிட்டிலிருந்து ஹைட்ரஜன் புகுந்து, இறுக்கிய சில நாளில் அவை சத்தமில்லாமல் ஒடியக்கூடும். கம்பி பிரஷும் மண்ணெண்ணெயும் போதும்.

இப்படிக்கு,
பழைய கார் ஆர்வலர்கள்,
சுங்கை சிப்புட், பேரா