அட்டவணை 1960இல் தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பஃபலோ பில்ஸ் அணியின் சீசன் வாரியான வரலாற்றைத் தங்கள் இதழின் விளையாட்டுப் பகுதியில் அட்டவணையுடன் வெளியிட்டமைக்கு நன்றி. அமெரிக்கக் கால்பந்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதுவோர் குறைவு. ஆயினும் அந்த அட்டவணை 1970இல் தொடங்குவதும், அதன் அடியில் ‘ஒருமுறைகூடப் பட்டம் வெல்லாத அணி’ என்று எழுதியிருப்பதும் பிழையானவை.

இந்த அணி 1960இல், அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்ற புதிய போட்டித் தொடரின் தொடக்க அணிகளுள் ஒன்றாகக் களமிறங்கியது. லூ சேபன் பயிற்சியாளராக இருந்த 1964ஆம் ஆண்டில் 14 ஆட்டங்களில் 12ஐ வென்று, இறுதியாட்டத்தில் சான்டியாகோ சார்ஜர்ஸ் அணியை 20-7 என்ற கணக்கில் தோற்கடித்தது. மறு ஆண்டு அதே அணியை அதன் சொந்த ஊரிலேயே 23-0 என்று ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் வென்றது. இரண்டிலும் அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்காக ஆடிய ஜாக் கெம்ப்தான் பின்னாளில், 1996 தேர்தலில், குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரானவர். 1970இல் அந்த லீக் நேஷனல் ஃபுட்பால் லீகுடன் இணைந்தபோது, பழைய லீகின் ஆட்டக் கணக்குகளையும் பின்னது தன் ஏடுகளில் சேர்த்துக்கொண்டது என்பதால், முதல் 10 சீசன்களை விட்டுவிடுவதற்கு முகாந்திரம் இல்லை. ‘சூப்பர் பௌல் வென்றதில்லை’ என்று எழுதியிருந்தால் அது உண்மை. இரு லீகுகளின் வாகையர் மோதும் இறுதியாட்டமாகத் தொடங்கிய அந்தப் போட்டியே 1967 ஜனவரியில்தான் முதன்முதலாக நடந்தது. அதற்குச் செல்லும் வாய்ப்பையும் பில்ஸ் அணி அம்மாதம் முதல் தேதியன்று தன் லீகின் இறுதியாட்டத்தில் கான்சஸ் சிட்டி அணியிடம் 31-7 என்று தோற்று இழந்தது.

அடுத்த பிழை ஆண்டுக் கணக்கில் நேர்ந்தது. இவ்விளையாட்டில் சீசன் எந்த ஆண்டில் தொடங்குகிறதோ அந்த ஆண்டின் பெயரையே பெறும். இறுதியாட்டமோ அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நடைபெறும். கட்டுரையாளர் ஆட்டம் நடந்த ஆண்டைக் கொண்டு, தொடர்ந்து தோற்ற நான்கு சூப்பர் பௌல்களையும் 1991 முதல் 1994 வரையிலான வரிகளில் இட்டுவிட்டார். அவை 1990 முதல் 1993 வரையிலான சீசன்களுக்கு உரியவை. விளைவாக, 13 வெற்றிகள் பெற்ற 1990இன் வரி முடிவின்றி நிற்க, 7 வெற்றியும் 9 தோல்வியுமாக முடிந்த 1994இல் அணி இறுதியாட்டம் வரை சென்றதாகத் தெரிகிறது. அட்டவணையை ஒருமுறை குறுக்காகப் படித்திருந்தாலே இது கண்ணில் பட்டிருக்கும்.

அந்த நான்கு வரிகளிலும் ‘தோல்வி’ என்ற ஒரே சொல் இருப்பதிலும் எனக்கு மனக்குறை உண்டு. தொடர்ந்து நான்கு முறை சூப்பர் பௌலுக்குச் சென்ற அணி வேறொன்றும் இல்லை. முதலாவதில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 20-19 என ஒரே புள்ளியில் தோற்றது; இறுதி நொடிகளில் ஸ்காட் நார்வுட் 47 கெஜத் தொலைவிலிருந்து, மூன்று புள்ளிகளுக்காக உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்புறமாக விலகிச் சென்றது. மறுநாள் பஃபலோவின் நயாகரா சதுக்கத்தில் கூடிய பெருங்கூட்டம் அவரை ஏசவில்லை. அவர் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்து ஆர்ப்பரித்தது. 1992 சீசனிலோ, ஹூஸ்டன் ஆயிலர்ஸிடம் 35-3 எனப் பின்தங்கியிருந்த அணி, காயமுற்ற குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லிக்குப் பதிலாக ஆடிய ஃபிராங்க் ரைக்கின் தலைமையில், கூடுதல் நேரத்தில் 41-38 என வென்றது. குறிப்புக்கான இடத்தில் இவற்றுக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

2000 முதல் 2016 வரை 17 சீசன்கள் பிளேஆஃப் எனும் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றையே எட்டாத காலத்தைக் கட்டுரை சரியாகத் தந்துள்ளது. ஆனால் 2022இன் வரியில் வெற்றி தோல்விக் கணக்கு 13-4 என்று அச்சாகியிருக்கிறது; சரியான கணக்கு 13-3. மொத்தம் 17 ஆட்டங்கள் வரவேண்டுமே என்று யாரோ கூட்டிப் பார்த்துத் திருத்தியிருக்கலாம் என ஊகிக்கிறேன். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தில் பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் இதயம் நின்று களத்தில் சரிந்தார். அவர் உயிர் பிழைத்து மறு சீசனிலேயே ஆடத் திரும்பினார். நிறுத்தப்பட்ட அந்த ஆட்டம் மட்டும் மீண்டும் நடத்தப்படவேயில்லை. ஆகவே அந்த ஆண்டு பில்ஸ் ஆடி முடித்தவை 16 ஆட்டங்களே.

விடுபட்ட 10 சீசன்களையும் சேர்த்து, திருத்திய அட்டவணையை அடுத்து வரும் இதழ் ஒன்றில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்