ஐஸ் மெஷின் கம்பெனி சாருங்களுக்கு: கழட்டிப் பாக்காம மோட்டர மாத்தச் சொல்லாதீங்க

ஐஸ் மெஷின் விக்கிற கம்பெனிக்காரங்களுக்கும் உங்க சர்வீஸ் டீமுக்கும் வணக்கம். வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் ஜூஸ் கடை, பேக்கரி, மீன் கடைன்னு ஐஸ் மெஷின் வேலை பாக்குற மெக்கானிக் நானு. எங்க ஊரு வெயில் உங்களுக்குத் தெரியும், கத்திரியில 40 டிகிரிய தாண்டிடும். அந்த நேரம் பாத்து மெஷின் நின்னுச்சுன்னா கடைக்காரர் வெளிய ஐஸ் வாங்கியே அழிஞ்சிடுவாரு. உங்க ஆளு வராரு, சுவிட்ச போட்டுப் பாக்குறாரு, மோட்டர் உர்ருனு சத்தம் மட்டும் போடுது சுத்தல, உடனே "கியர் மோட்டர் போச்சு, செட்டா மாத்தணும், ஸ்டாக் இல்ல, ஆர்டர் போடணும்"னு கொட்டேஷன் குடுத்துட்டு கிளம்பிடறாரு. ஒரு ஸ்க்ரூ கூட கழட்டல சார்.

உர்ருனு சத்தம் வந்து சுத்தலன்னா மொதல்ல பாக்க வேண்டியது கெப்பாசிட்டர், மோட்டர் சுத்த ஆரம்பிக்க உதவுற பாகம். காட்பாடி ரோட்டுல ஒரு மீன் கடை ஃப்ளேக் மெஷின்ல (சில்லு சில்லா ஐஸ் போடுற மெஷின்) 12 மைக்ரோஃபேரட்னு போட்டிருந்த கெப்பாசிட்டர் மீட்டர்ல 7 தான் காட்டுச்சு, புதுசு போட்டதும் மோட்டர் எடுத்துக்கிச்சு, வைண்டிங் (மோட்டருக்குள்ள இருக்கற கம்பிச் சுருள்) நல்லாதான் இருந்துச்சு. அந்தக் கடைக்காரர் கையில ஏற்கனவே முழு செட்டுக்கு கொட்டேஷன் இருந்துச்சு.

அடுத்தது சீல், தண்ணி கீழ கசியாம தடுக்கிற வளையம். ஃப்ளேக் மெஷின்ல சிலிண்டர் உள் சுவத்துல தண்ணி உறைஞ்சுகினே இருக்கும், திருகு மாதிரி இருக்கற ஆகர் மெதுவா சுத்தி அத சுரண்டி மேல தள்ளும், நிறைய மாடல்ல கியர்பாக்ஸ் அதுக்கு அடியிலதான் உக்காந்திருக்கு. சீல் தேஞ்சா தண்ணி நேரா கீழ எறங்குது. தொறந்து பாத்தா கிரீஸ் தயிர் மாதிரி வெள்ளையா திரிஞ்சு கெடக்கும், பேரிங் துரு புடிச்சு கையால சுத்துனாலே கரகரன்னு உரசும். சீல், பேரிங், கிரீஸ் மூணையும் மாத்திட்டா, கியர் பல்லு தேயாம இருந்தா, அந்த மோட்டர் நல்லா ஓடும். ஆனா சீல தனியா கேட்டா "அது தனியா வராது, செட்டுதான்"னு சொல்றீங்க. பேரிங் நம்பர் அழிஞ்சு போயிருந்தா வெர்னியர் வச்சு அளந்து 6202-ஆ 6203-ஆன்னு நாங்களே கண்டுபிடிச்சுக்கிறோம், சீலுக்கு அப்படி முடியல சார், ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு சைஸ் வச்சிருக்கீங்க.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். மோட்டர் ஏன் போச்சுன்னு யாரும் கேக்குறதில்ல. எங்க பக்கம் நிறைய கடையில போர் தண்ணிதான், உப்புத் தண்ணி, ஃபில்டர் போட்டாலும் கார்ட்ரிட்ஜ மாத்துறதில்ல. சிலிண்டர் சுவத்துல உப்பு படிஞ்சு ஐஸ் வழுக்காம புடிச்சுக்குது, ஆகர் திணறுது, அந்த லோடு முழுக்க பேரிங் மேலயும் மோட்டர் மேலயும்தான் விழுது. உப்ப எடுக்காம புது செட்ட மாட்டுனா அதுவும் அதே வழியிலதான் போவும். புது மோட்டர் பில்லு போடறப்ப டீஸ்கேலிங் (படிஞ்ச உப்ப எடுக்குறது) பண்ணிட்டுதான் ஓட்டணும்னு எழுதியாவது குடுங்க.

எல்லாத்தயும் ரிப்பேர் பண்ணியே தீரணும்னு நான் அடம் புடிக்கல. கண்டென்சர்ல இருக்கற சின்ன ஃபேன் மோட்டர் எரிஞ்சா மாத்திடறதுதான் நல்லது, ரீவைண்டிங் கூலி கட்டுபடி ஆவாது. கம்ப்ரஸர் வைண்டிங் எரிஞ்சாலும் மாத்தணும், அது வெல்டு அடிச்ச மூடி, உள்ள ஆயில் ஆசிட் ஆயிடும், அப்ப லைன்ல ஈரத்த உறிஞ்சுற டிரையரயும் சேத்து மாத்தி லைன க்ளீன் பண்ணி வேக்யூம் புடிக்கலன்னா புது கம்ப்ரஸரும் நிக்காது. கியர் மோட்டர் வைண்டிங் மட்டும் எரிஞ்சிருந்தா ரீவைண்டிங் தாராளமா பண்ணலாம், ஆனா அதே கேஜ் கம்பி, அதே சுத்து, எஃப் கிளாஸ் இன்சுலேஷன், வார்னிஷ் போட்டு சூடு பண்ணி காய வைக்கணும், கடைசியா மெகர் (இன்சுலேஷன பாக்குற மீட்டர்) வச்சு பாக்கணும். சில பேரு உள்ள இருக்கற, சூடு ஏறுனா மோட்டர நிறுத்துற தெர்மல் ப்ரொடெக்டர தூக்கிப் போட்டுட்டு நேரா கனெக்ஷன் குடுத்துடறாங்க, ஆகர் ஜாம் ஆச்சுன்னா மோட்டர் நிக்காம எரியும், ஈரமான எடம் வேற, உயிர் போற விஷயம். எங்க தொழில்காரங்களுக்கும் இத சொல்லித்தான் ஆவணும்.

2022-ல மத்திய அரசு நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்குன்னு கமிட்டி போட்டு, விவசாய கருவி, செல்ஃபோன், வீட்டு சாமான், வண்டின்னு நாலு துறைய மொதல்ல எடுத்துச்சு, அந்த வருஷக் கடைசியிலயே போர்ட்டலும் வந்துச்சு. கடையில ஓடுற ஐஸ் மெஷினுக்கு அதுல தனியா பேரு இல்ல. சட்டம் வந்து சொல்ற வரைக்கும் நீங்க ஏன் சார் காத்திருக்கணும்?

நாங்க கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. சீல், பேரிங், கியர், கெப்பாசிட்டர தனித்தனியா வில போட்டு வில்லுங்க. வயரிங் படமும் பேரிங் நம்பரும் மெஷின் கதவுக்குப் பின்னாடி ஒட்டி அனுப்புங்க. உங்க ஆளு கொட்டேஷன் எழுதுறப்ப கெப்பாசிட்டர் எவ்வளவு காட்டுச்சு, வைண்டிங் ஓம்ஸ் எவ்வளவு, மெகர் எவ்வளவுன்னு அதுலயே எழுதட்டும், அப்பதான் கடைக்காரர் இன்னொரு மெக்கானிக்க கூப்ட்டு கேட்டுப் பாத்து முடிவு பண்ண முடியும். சீல் ஸ்டாக்க மட்டும் இந்த கத்திரி வர்றதுக்குள்ள வேலூர் டீலர் கிட்ட எறக்கிடுங்க சார், பாகாயத்துல ஒரு பேக்கரி மெஷின் அதுக்காகத்தான் தொறந்தபடியே கெடக்கு.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி ஐஸ் மெஷின் மெக்கானிக்