மாயாறு கர்நாடகத்தில் பிறக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாக் கட்டுரையில், 'கர்நாடகத்தில் பிறந்து தெப்பக்காட்டில் தமிழகத்துக்குள் நுழையும் மாயாறு' என்று ஒரு வரி. நதிநீர்ப் பங்கீடு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் தங்கள் இதழே, சொந்த ஆற்றைப் பக்கத்து மாநிலத்துக்குத் தாரைவார்த்துவிட்டது!

நீலகிரியின் முக்குருத்தி மலைப் பக்கம் பிறந்து பைக்காரா என்ற பெயரில் வடக்கே ஓடிவரும் ஆறுதான் கீழே மாயாறு. முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காட்டுப் பாலத்தில் நின்றால் இரு கரையும் தமிழகம். மைசூர் சாலையில் இன்னும் சில கிலோமீட்டர் போய், கக்கநல்லா சோதனைச்சாவடி தாண்டினால்தான் கர்நாடகம். ஆறு எல்லையாவது அதற்குக் கிழக்கே, முதுமலைக்கும் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுக்கும் நடுவில் ஓடும் துண்டில் மட்டும். பிறகு வடகரையும் நம் சத்தியமங்கலம் காடுதான். ஆற்றோரக் கிராமமான தெங்குமரஹடாவைத் தாண்டி, பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. அந்தப் பவானியைத்தான் முன்பு 'கேரள நதி' என்றீர்கள். நீலகிரியில் தோன்றி, கேரளத்தின் அட்டப்பாடியைச் சுற்றிவிட்டு வருகிற ஆறு அது.

'குளிக்க ஏற்ற அமைதியான ஆறு' என்ற யோசனை வேறு. ஐயா, 1932 முதல் பைக்காரா தண்ணீர் மலைமேல் உள்ள கிளென்மார்கனிலிருந்து ராட்சதக் குழாயில் சுமார் 3,000 அடி இறங்கி சிங்காரா மின்நிலையத்தை ஓட்டுகிறது. மரவகண்டி அணையில் தேங்கி, வாய்க்கால் வழியே போய், 1952-இல் வந்த மாயார் மின்நிலையத்தில் இரண்டாம் முறை உழைத்த பிறகே பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றில் விழுகிறது. அதனால் கீழே தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் இயந்திரம் ஓடுவதைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவமழையில் பைக்காரா மதகைத் திறந்தால், தெங்குமரஹடாவில் தூறல் இல்லாத நாளிலும் ஆற்றைக் கடக்கும் பரிசல் நின்றுவிடும். முதலையும் உண்டு. காட்டுக்குள் ஆற்றில் இறங்க அனுமதியும் இல்லை.

ஊட்டி ஏரியின் கழிவு காமராஜ் சாகர் அணை வழியே சீகூர் ஆற்றில் இறங்கி இதே மாயாற்றில்தான் சேர்கிறது. மலைப் பகுதிக்கு மலர்க் கண்காட்சிக்கு மட்டும் வரும் தங்கள் நிருபர் அதை எப்போது எழுதுவாரோ!

தாங்கள் அறியாதது அல்ல. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம், முடிந்தால் உள்ளங்கை அளவு வரைபடம் போடுங்கள். குளிக்கச் சொன்ன வரியையாவது கட்டாயம் திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மசினகுடி