ஏரிக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. கலங்கலில், அதாவது ஏரி நிறைந்ததும் உபரிநீர் வெளியேறும் தாழ்ந்த சுவரில், நீர் வழிவதும் நின்றுவிட்டது. இந்த மழையில் கரை எங்கும் உடையவில்லை, ஏரி நீர் தெருக்களுக்குள் ஏறவில்லை. இதற்குக் காரணமானவர்களில் பலர் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் உறுப்பினர்கள் அல்லர். சிலர் இந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள்கூட அல்லர். 'நன்றி' என்று ஒரு வரி எழுதிப் பலகையில் ஒட்டினால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால் அவர்கள் செய்த வேலையை, செய்த முறையோடு எழுதுகிறோம். பக்கத்து ஏரிக்காரர்களுக்கும் இது உதவட்டும்.

முதல் வணக்கம், ஒரு காலத்தில் இந்த ஏரியின் மதகைத் திறந்து அடைத்த நீர்க்கட்டி குடும்பத்துப் பெரியவருக்கு. இன்று பாசன வயல் ஒன்றுகூட மிச்சமில்லை. வயல் இருந்த இடமெல்லாம் வீட்டு மனை. ஆனாலும் நீர் பழைய வழியில்தான் வருகிறது, பழைய வழியில்தான் போகிறது. கிழக்குத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்கு வரத்தாகி, பல ஏரிகளைக் கடந்து கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் போய்ச் சேர்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அதே சதுப்பு நிலம்தான். ஏரிக்குள் இறங்கும் முன் வரத்துக் கால்வாயை மேலே ஏறிப் போய்ப் பாருங்கள், போக்குக் கால்வாயைக் கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள் என்று பெரியவர் சொன்னார். நாங்களோ நடைபாதைக்கும் பூங்கா நாற்காலிக்கும் விலைப்புள்ளி வாங்கிக்கொண்டிருந்தோம். அவர் சொன்ன வரிசையில் வேலையை மாற்றியதுதான் நாங்கள் எடுத்த சரியான முதல் முடிவு.

வரத்துக் கால்வாயில் கோடையிலும் நீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. எந்த வீட்டுக் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் சேர்கிறது என்பதைக் கண்டுபிடித்துத் தந்தவர்கள் எங்கள் பகுதி பிளம்பர் அண்ணன்மார். முறை எளிது. மழை இல்லாத நாளில், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, குழாய்ச் சோதனைக்கென்று விற்கும் தீங்கற்ற சாயத்தைக் கழிப்பறையில் ஊற்றி இரண்டு வாளி தண்ணீர் விட வேண்டும். வடிகால் மூடியைத் திறந்து வைத்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வீடு மட்டும். இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் ஊற்றினால் நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சாயம் உடனே வராவிட்டால் இணைப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. செப்டிக் தொட்டி வழியாக வரும் நீர் தாமதமாகவும் வெளிறியும் வரும், ஆகவே மறுநாளும் பார்க்க வேண்டும். தெரியாமலேயே தவறாக இணைத்திருந்த வீட்டுக்காரர்கள், சோதனையைக் கண்ணால் பார்த்ததும் தங்கள் செலவில் குழாயைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்றினார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி. இந்த வேலை முடியாமல் தூர் வாருவது வீண். மேலிருந்து கழிவு வந்துகொண்டே இருந்தால், அள்ளிய சேறு மறுபடி சேரும்.

வரத்துக் கால்வாய் ஏரியில் சேரும் வாயில், குப்பையைத் தடுக்கக் கம்பித் தடுப்பு அமைத்துத் தந்த வெல்டிங் பட்டறைக்காரருக்கு அடுத்த நன்றி. நாங்கள் முதலில் கேட்டது ஓர் அங்குலக் கண் உள்ள வலை. வலை வேண்டாம் என்றார் அவர். சிறிய கண்ணில் பாலித்தீன் பையும் இலையும் அப்பிக்கொண்டால் முதல் மழையிலேயே வலை சுவர்போல் ஆகிவிடும், நீர் பின்வாங்கித் தெருவில் ஏறும். அவர் சொன்னபடி செங்குத்துக் கம்பிகளை 5 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஆள் மேலிருந்து வாரும்படி சாய்த்துப் பொருத்தினோம். குறுக்குக் கம்பிகள் பின்பக்கம்தான் இருக்க வேண்டும். முன்பக்கம் இருந்தால் வாருகோல் ஒவ்வொரு கம்பியிலும் மாட்டும். தடுப்பு முழுக்க அடைபட்டாலும் நீர் அதற்கு மேலே வழிந்து போக இடம் விட்டிருக்கிறோம். தடுப்புக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டி உண்டு. வேகம் குறைந்த நீர் மணலை அங்கேயே இறக்கிவிட்டு வரும். தொட்டி பாதி நிறைந்ததுமே அள்ளிவிட வேண்டும். நிறைந்த தொட்டி இருந்தும் பயனில்லை.

கம்பித் தடுப்பு தானாக வேலை செய்யாது. மழை கொட்டும்போது அதை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அதிகாலையில், முழங்கால் நீரில் நின்று அதைச் செய்தவர்கள் தூய்மைப் பணியாளர் அக்காக்கள். இந்த மடலில் உள்ள எந்த வேலையும் அவர்களுடையதைவிடப் பெரியதல்ல. முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, பூட்ஸ், மழைக்கோட்டு, நீண்ட கைப்பிடி வாருகோல் ஆகியவற்றைச் சங்கம் வாங்கி வைத்திருக்கிறது. இதை உதவி என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். இவை இல்லாமல் அவர்களை அங்கே நிற்கச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை.

ஆகாயத்தாமரையை அகற்றித் தந்த மீனவ நண்பர்களுக்கு நன்றி. எத்தனை பேர் இறங்குகிறோம் என்பதைவிட எந்த நாளில் இறங்குகிறோம் என்பதுதான் முக்கியம் என்று அவர்களிடம் கற்றோம். காற்று ஒரு பக்கமாக அடித்துச் செடியைக் கரையோரம் ஒதுக்கும் நாளில் நீண்ட கயிற்றை வளைத்து இழுத்தால், பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். நடு ஏரியில் போய்த் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் புதுச் செடியாகும். ஊதாப் பூ விட்டு விதை கட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். எடுத்ததை நீர் விளிம்பிலேயே குவித்தால் அடுத்த மழை திரும்ப உள்ளே தள்ளிவிடும். கரையைத் தாண்டிக் கொண்டுபோய்க் காயப்போட வேண்டும். செடியில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர்தான். மலைபோல் தெரிந்த குவியல் காய்ந்ததும் சிறு மேடாகிவிடும். அதைச் சாணத்தோடு அடுக்கி உரமாக்கிய மாடி வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் நன்றி. களைக்கொல்லி தெளித்தால் ஒரே நாளில் முடியுமே என்று கேட்டவர்கள் உண்டு. செத்த செடி அப்படியே மூழ்கி அழுகும், அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும், மீன் சாகும். அதனால்தான் மறுத்தோம். நீரோரம் உயரமாக வளரும் சம்புக் கோரைப் புதரை முழுவதும் அழிக்கவில்லை. நாமக்கோழியும் தாழைக்கோழியும் அங்கேதான் கூடு கட்டுகின்றன. கலங்கலை ஒட்டியும் வரத்து வாயை ஒட்டியும் இருந்த சம்பை மட்டும் எடுத்தோம்.

ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் விடியற்காலையில் ஏரியைச் சுற்றி வருவார். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே போன் செய்வார். கோடையின் முதல் பெருமழைக்கு மறுநாள்தான் இந்த ஆபத்து அதிகம். தெருவில் சேர்ந்த அழுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும், அடிச்சேறு கலங்கும். இரவில் பாசியும் ஆக்சிஜனை விடுவதில்லை, எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஆக்சிஜன் மிகக் குறையும் நேரம் சூரிய உதயத்துக்குச் சற்று முன். நண்பகலில் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 2-க்குக் கீழே போனால் சாவு. இறால் பண்ணைகளில் சுழலும் துடுப்புச் சக்கரத்தை வாடகையில்லாமல் தந்த பண்ணைக்காரருக்கு நன்றி. அதை ஏரி முழுவதற்கும் பரப்ப முயலக் கூடாது. ஓர் ஓரத்தில் நன்றாகக் காற்றேற்றினால் போதும், மீன் தானாக அங்கே வந்து சேரும்.

இனிக் கரையும் கலங்கலும். நிறைய எழுத வேண்டிய இடம் இதுதான். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர். அந்த நீருக்கு வெளியேறும் வழி கலங்கல் ஒன்றுதான். அதன் நீளத்தில் பாதி செடியாலும் குப்பையாலும் அடைபட்டால், அதே அளவு நீர் வெளியேற, கலங்கலுக்கு மேல் நீர் ஏறத்தாழ 1.6 மடங்கு உயர வேண்டும். அந்த உயரம் கரைக்கு வரும் சுமை. நீர் நிறையத் தங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் கலங்கல் மேல் மூட்டை அடுக்குவதும், எங்கள் தெரு நனைகிறது என்று கலங்கலை உடைப்பதும் ஒரே அளவு தவறு. முதலாவது மேலே உள்ள வீடுகளை மூழ்கடிக்கும், இரண்டாவது கீழே உள்ள ஏரியை உடைக்கும். இதைக் கணக்குப் போட்டு, எங்கள் பொதுக்குழுவில் வந்து நின்று விளக்கிய நீர்வளத் துறைப் பொறியாளருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஏரி அரசுடையது. அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு கூடை மண்கூட அள்ளவோ கொட்டவோ கூடாது என்பதையும் அவர்தான் கண்டிப்பாகச் சொன்னார்.

மழைக்கு முன்பே கரையின் எலி வளைகளையும் நண்டு வளைகளையும் தேடித் தோண்டிக் களிமண் இட்டு இறுக்கியவர்கள் மண்வேலைக் குழுவினர். வளையின் வாயை மட்டும் பூசுவது வேலையல்ல. வளை முடியும் இடம் வரை தோண்டி, ஈரமான களிமண்ணை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் உள்ளே பொக்காக நிற்கும். பொக்லைன் ஓட்டிய தம்பி கரையின் உள்ளடியை ஒட்டித் தோண்ட மறுத்துவிட்டார். அங்கே தோண்டினால் கரை தன் காலை இழந்து சரியும். மண் அதிகம் கிடைக்கும் இடம் அதுதான் என்று வற்புறுத்தியவர்கள் பேச்சை அவர் கேட்கவில்லை. அதற்காகவே அவருக்குத் தனியாக நன்றி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு இரவு ரோந்து என்பது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. இளைஞர்கள் இருவர் இருவராக, கரையின் மேலே ஒருவர், வெளியடியில் ஒருவர் என்று டார்ச் விளக்கோடு நடந்தார்கள். கரையின் வெளியடியில் நீர் கசிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் நிறம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் குச்சி நட்டுக் குறித்துவைத்து, மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்தால் போதும். மண் நிறத்தில் வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். அந்த நிமிடமே துறைக்குச் சொல்ல வேண்டும், கீழே உள்ள வீடுகளையும் எழுப்ப வேண்டும். பதற்றத்தில் பலரும் செய்வது ஓட்டையில் துணியையும் மண்ணையும் திணிப்பது. அடைத்த நீர் வேறு இடத்தில் இன்னும் பெரிதாகப் பீறிடும். சரியான முறை, அந்த ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளால் கிணற்று உறைபோல வளையம் கட்டுவது. வளையத்துக்குள் நீர் உயர உயர எதிர் அழுத்தம் கூடும், வேகம் குறையும். நீர் தெளிந்து வரும் மட்டத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் வழிந்தோட வாய் விட வேண்டும். கசிவை முழுதாக நிறுத்த ஆசைப்படக் கூடாது.

மூட்டை கட்டிய கல்லூரி மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் நன்றி. சாக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் மணல் போட வேண்டும். முட்ட முட்ட நிரப்பினால் மூட்டை பூசணிக்காய்போல் உருண்டு நின்று, இடையில் சந்து விழும். குறைவாக நிரப்பியது தட்டையாகப் படிந்து அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதிக்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் சில மாதங்களில் இற்றுப்போகும். ஆகவே சாக்கையும் மணலையும் தனித்தனியாக, நிழலில் வைத்திருக்கிறோம்.

எல்லைக் கற்களைப் புல வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்து தந்த நில அளவையருக்கும், வெள்ளை கறுப்பு அடித்த 20 செ.மீ. தட்டை மாதந்தோறும் நீரில் இறக்கித் தெளிவை அளந்து எழுதிய பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம். ஒரே இடம், ஒரே நேரம், படகின் நிழல் விழும் பக்கம் என்ற மூன்றையும் அவர்கள் ஒரு மாதம்கூட மாற்றவில்லை. நீர் பச்சையானது பாசியாலா, மண்ணாலா என்று சந்தேகம் வந்தபோது கண்ணாடி ஜாடியில் ஓர் இரவு வைத்துப் பார்த்து, மண் அடியில் படியும், பாசி படியாது என்று எங்களுக்கே காட்டினார்கள்.

ரோந்துக்காரர்களுக்கு விடிய விடியத் தேநீர் தந்த கலங்கல் முனை டீக்கடை அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றி. வாருகோல், கயிறு, சாக்கு, டார்ச், பாட்டில் எல்லாம் மதகுப் பக்கத்து அறையில் இருக்கின்றன. சாவி ஒன்று சங்கத்திலும் ஒன்று அவர்கள் கடையிலும் தொங்கும். எந்த நேரத்திலும், யார் கேட்டாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்க ஏரிக் குழுவினர்