பழைய கதவும் கட்டில் பலகையும் தந்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

கதவு, ஜன்னல் சட்டம், தையல் மிஷின் ஸ்டாண்டு என்று வீட்டில் கழித்ததைத் தூக்கிப் போடாமல் பட்டறைக்குக் கொடுத்த எல்லாருக்கும் நன்றி. மேசை, பெஞ்சு எல்லாம் தயார். யார் செய்தது எதற்கு உதவியது என்றும் சொல்லிவிடுகிறோம்.

ஆணிகளைப் பிடுங்காமல் அப்படியே தந்தவர்களுக்குத்தான் முதல் நன்றி. அவசரப்பட்டு இழுத்தால் ஆணியோடு மரச்சிராயும் பெயர்ந்து வரும். வளைந்த கூர்முனையை முதலில் நிமிர்த்தி, அந்தப் பக்கமிருந்து லேசாகத் தட்டினால் மறுபக்கம் தலை எழும்பும். பிறகு சுத்தியலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை அண்டக் கொடுத்து நெம்பினால் பலகையில் வடு விழாது. தலை முறிந்து உள்ளேயே தங்கிய ஆணிகளைக் காந்தம் காட்டிக்கொடுத்தது. காந்தத்தை இரவல் தந்தவரே, இழைப்புளி அலகு பிழைத்தது உங்களால்தான்.

கதவைத் தட்டிப் பார்த்து, "இது உள்ளே கூடு, ஸ்குரூ பிடிக்காது" என்று சொன்ன ஆசாரி ஐயாவுக்கு என்ன கைம்மாறு செய்வது! ப்ளஷ் கதவுகளில் பல இப்படித்தான்: இரண்டு பக்கமும் மெல்லிய தகடு, ஓரத்தில் மட்டும் கட்டை. மேசைக்காக 150 செ.மீ. நீளத்துக்கு அறுத்ததும் வெட்டிய முனை வாயைப் பிளந்தது. அந்த இடைவெளிக்குச் சரியாக ஒரு ரீப்பர் கட்டையை இழைத்து, மரப்பசை தடவிச் செருகி, ஓர் இரவு இறுக்கி வைக்க வேண்டும். கால்களை நேரே கதவில் அடிக்கக் கூடாது. ஜன்னல் சட்டத்தில் நான்கு துண்டு அறுத்து அடிச்சட்டம் கட்டி, கால்களை அதில்தான் பூட்ட வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வந்த பிறகே ஸ்குரூவை முடுக்கலாம். இல்லாவிட்டால் மேசை கோணிக்கொள்ளும். மொத்த உயரம் 75 செ.மீ., பெஞ்சுக்கு 45.

பழைய பெயிண்ட் என்று சீட்டு ஒட்டி அனுப்பிய அக்காவுக்கும் நன்றி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் மூச்சில் ஏறும். அதனால் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால்தான் தேய்த்தோம், முகக்கவசத்தோடு.

ஒரு கட்டில் பலகையைத் திருப்பி அனுப்பியதற்கு வருத்தப்பட வேண்டாம். குண்டூசித் தலை அளவில் துளைகள், தட்டினால் மாவுபோல் தூள். உளுத்தது. மற்ற பலகைகளோடு சேர்த்து வைத்தால் அவற்றுக்கும் தொற்றும்.

தையல் மிஷின் ஸ்டாண்டு தந்தவர்களுக்கு: அதன் மேல் பூட்டிய பலகை மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். இறுக்கிப் பிடித்துவிட்டால் நடுவே வெடிக்கும். ஆகவே ஸ்குரூ போகும் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளமாக அராவி, வாஷர் போட்டிருக்கிறோம். லேசாக நகர்ந்தால் பழுது என்று நினைக்காதீர்கள்.

கீல், கைப்பிடி, ஸ்குரூ எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் சேர்த்துத் தந்த வீட்டுக்காரர்களே, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். லூசான பழைய துளைகளில் மட்டும் தலை கிள்ளிய தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்து அடைத்து, காய்ந்ததும் மறுபடி துளையிட்டோம்.

ஒரு மாதம் கழித்து எல்லாக் கால்களையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள். மிச்ச ஸ்குரூக்கள் ஒரு சிறு பையில், அடிச்சட்டத்தின் உட்புறம் ஒட்டியிருக்கின்றன.

இப்படிக்கு,
பட்டறையில் இருப்பவர்கள்