அலுவலகக் கணினியில் பூட்டு: பதவி பார்த்தா, பணி பார்த்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டதை அடுத்து, பல அலுவலகங்களில் பழைய கணினிகளை மாற்றும் வேலை நடந்துவருகிறது. புதிய கணினிகள் வந்திறங்கும் கையோடு, ஊழியர்கள் தங்கள் டெஸ்க்டாப்பில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்ற விதிகளும் புதிதாக எழுதப்படுகின்றன. அலுவலகக் கணினி வலையமைப்புகளைப் பராமரிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த விதிகள் யாருக்கு, எந்த அடிப்படையில் போடப்படுகின்றன என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான்கைந்து பேர் மாறி மாறி உட்காரும் கவுண்ட்டர் கணினியில் ஒருவர் திரை அமைப்பை மாற்றிவிட்டுப் போனால், அடுத்து வருபவர் வேலையைத் தொடங்குவதற்குள் வெளியே வரிசை நீண்டுவிடும். இதற்கான கருவியும் புதியதன்று. விண்டோஸ் 2000-இல், அலுவலகத்தின் பயனர்களையும் கணினிகளையும் ஓரிடத்தில் பதிந்து வைக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு வந்த குரூப் பாலிசி என்ற வசதியே இன்றும் எத்தனையோ அலுவலகங்களில் இந்த வேலையைச் செய்கிறது. மையக் கணினியான சர்வரில் ஓரிடத்தில் விதியை எழுதி வைத்துவிட்டால், டொமைனில், அதாவது அந்தச் சர்வரின் நிர்வாகத்தில், சேர்ந்த எந்தக் கணினியில் ஒருவர் லாகின் செய்தாலும் அவருக்குரிய விதிகள் அங்கே வந்து அமலாகிவிடும். முன்பு, விண்டோஸ் 2000-க்கு முந்தைய விண்டோஸ் என்.டி. 4.0 காலத்தில், ஒரு தடையைச் சர்வரில் நீக்கிய பிறகும் அது ஊழியரின் கணினியில், அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், அப்படியே தங்கிவிடுவது வழக்கம். குரூப் பாலிசியில் விதியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தடையும் போய்விடும். எனவே, போட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ள இடமிருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

இந்தத் தடைகளை விதிக்கும் அலுவலக உத்தரவில் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட பயனர்களுக்கு மட்டும்’ என்று இருக்கும். தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்த்தால், எழுத்தர்களும் தட்டச்சர்களும் தற்காலிகப் பணியாளர்களும் பட்டியலில் இருப்பார்கள். மேலாளரும் அவருக்கு மேலே உள்ளவர்களும் இருக்கமாட்டார்கள். ஆனால், வெளியிலிருந்து மின்னஞ்சலில் வரும் விலைப்பட்டியல்களைத் திறப்பவரும், யாரோ கொடுத்த பென் டிரைவைக் கூட்ட அறைக் கணினியில் செருகுபவரும் பல இடங்களில் இந்த விலக்குப் பெற்றவர்களே. போதாக்குறைக்கு, கேட்டு வாங்கிய நிர்வாகி உரிமையும் அவர்கள் கணினியில் இருக்கும். எந்த மென்பொருளையும் நிறுவக்கூடிய ஒரு லாகினைத் திறந்து வைத்துவிட்டு, எழுத்தரின் வால்பேப்பரைப் பூட்டி என்ன பயன்? வால்பேப்பரைப் பூட்டுவது அலுவலகத்துக்குச் சீருடை மாட்டுவது போன்றது. அதில் தவறில்லை, ஆனால் அதைப் பாதுகாப்புக் கணக்கில் எழுதக் கூடாது. நிர்வாகி உரிமையை எடுப்பது, பென் டிரைவைத் தடுப்பது, சில நிமிடங்கள் கணினியைத் தொடாவிட்டால் திரை தானே பூட்டிக்கொள்ளச் செய்வது ஆகிய மூன்றும் பதவி பார்க்காமல் எல்லோருக்கும் பொருந்த வேண்டியவை. மற்ற தடைகளை அவரவர் பார்க்கும் வேலையை வைத்து முடிவு செய்யலாம்.

எதைப் பூட்டுகிறோம் என்பதிலும் இதே அவசரம் தெரிகிறது. கணினியின் அமைப்புகளை மாற்ற உதவும் கண்ட்ரோல் பேனலையும் செட்டிங்ஸையும் ஒருசேர மறைக்கும் விதி ஒன்று குரூப் பாலிசியில் இருக்கிறது. ஒரு கிளிக்கில் வேலை முடிந்துவிடுவதால் பலரும் அதையே போட்டுவிடுகிறார்கள். அண்மையில் ஓர் அலுவலகத்தில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டி எக்செல் கட்டங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதையும், அப்படிப் பெரிதாகாத மெனுவைப் படிக்கத் திரைக்கு ஒரு சாண் தூரம்வரை முகத்தைக் கொண்டுபோவதையும் கண்டேன். எழுத்தளவைக் கூட்டும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. அவருக்குச் செட்டிங்ஸே திறக்காது. இடக்கைப் பழக்கமுள்ளவர் மவுஸ் பொத்தான்களை மாற்றிக்கொள்ளவும், பார்வைக் குறைபாடுள்ளவர் திரை நிறங்களைத் தனக்கேற்றபடி வைத்துக்கொள்ளவும் அதே வாசல்தான். அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குத் தகுந்த வசதி செய்துதர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.

தமிழில் கோப்பு எழுதும் அலுவலகங்களில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகை, 2019 மே மாதப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-இலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும். அந்தப் பகுதியும் பூட்டப்பட்டிருக்கும்போது ஊழியர்கள் என்ன செய்கிறார்கள்? ஏதோ ஓர் இணையதளத்தின் தட்டச்சுப் பெட்டியில் கடிதத்தை அடித்து, நகலெடுத்து, வேர்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். அலுவலகத் தகவல் வெளியே போகக் கூடாது என்று போட்ட பூட்டினாலேயே, மனுதாரரின் பெயரும் முகவரியும் யாருடையதென்று தெரியாத ஒரு தளத்துக்குப் போய்ச் சேருகின்றன.

செட்டிங்ஸை இப்படி முழுதாகப் பூட்ட வேண்டிய தேவையே இல்லை. விண்டோஸ் 10-இல் 2017-ஆம் ஆண்டு வந்த 1703 பதிப்பிலிருந்து, செட்டிங்ஸின் எந்தெந்தப் பக்கங்கள் தெரிய வேண்டும், எவை மறைய வேண்டும் என்று தனித்தனியே குறிப்பிடும் விதி இருக்கிறது. மொழி, எழுத்தளவு, மவுஸ், அணுகல் வசதிகள் ஆகிய பக்கங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மறைப்பது அரை மணி நேர வேலை.

தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் விதியைச் செலுத்துவதிலும் கவனம் தேவை. அவர்களுடைய லாகின்களைச் சர்வரில் ஒரு பாதுகாப்புக் குழுவில் சேர்த்து, விதியை அந்தக் குழுவுக்கு மட்டும் பொருத்துவது சரியான முறை. ஆனால் 2016 ஜூன் மாதப் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, பயனருக்கான விதியைக்கூட, பயனரின் அடையாளத்தில் அல்லாமல், கணினியின் அடையாளத்தில்தான் விண்டோஸ் சர்வரிலிருந்து படிக்கிறது. அது தெரியாமல், விதியைப் படிக்கும் அனுமதிப் பட்டியலில் அந்தக் குழுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டால், விதி யாருக்குமே அமலாகாது. கணினிகளுக்கும் படிக்கும் அனுமதி வேண்டும். மேலும், குழுவில் புதிதாகச் சேர்த்தது அடுத்த லாகினில்தான் உறைக்கும். மாலையில் திரையை மட்டும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் பல நாட்கள் லாக் ஆஃப் செய்வதே இல்லை. ‘நேற்றே தடையை எடுத்துவிட்டோம்’ என்று கணினிப் பிரிவும், ‘இன்னும் திறக்கவில்லை’ என்று ஊழியரும் தகராறு செய்துகொள்வதற்கு இதுவே போதும். ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்துத் தடை போட வேண்டிய பொதுக் கவுண்ட்டர்களுக்கு, யார் லாகின் செய்தாலும் அந்தக் கணினிக்குரிய பயனர் விதிகளே செல்லும்படி செய்யும் லூப்பேக் முறை இருக்கிறது. அதற்காக ஊழியர் போகுமிடமெல்லாம் தடையையும் கூடவே அனுப்ப வேண்டியதில்லை.

கணினிகளை மாற்றிக்கொண்டிருக்கும் அலுவலகத் தலைவர்கள், இந்த முடிவுகளைப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஊழியரிடம் வாய்மொழியாக விட்டுவிடாமல், எந்தப் பணிக்கு எந்தத் தடை, அதற்குக் காரணம் என்ன, விலக்கு வேண்டுபவர் யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும் என்பதை ஒரே பக்கச் சுற்றறிக்கையாக வெளியிட்டு, அதில் தங்கள் லாகினுக்குரிய தடைகளையும் சேர்த்து எழுத வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கணினி வலையமைப்பு நிர்வாகி ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.