உச்சிமுரா தொடருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஜப்பானிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் உச்சிமுரா கோஹெயின் வாழ்க்கையைத் தமிழில் எழுதப் போகிறேன் என்று நான் சொன்னபோது, ‘உனக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியுமா?’ என்று கேட்காத ஆளே இல்லை. தெரியாது. ஒரு குட்டிக்கரணம்கூட ஒழுங்காக அடித்ததில்லை. அப்படியும் 14 பகுதிகள் எழுதி, போன வாரம் கடைசிப் பகுதிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். அதில் என் பங்கு எவ்வளவு, மற்றவர்கள் பங்கு எவ்வளவு என்பது எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, நான் இருக்கும் ஜப்பானிய நகரமான கித்தாக்யூஷுவில் எனக்கு ஃபிசியோதெரபி செய்த தம்பிக்கு. 2017 அக்டோபர். நான் இந்த ஊருக்குப் படிக்க வந்த முதல் வருடம். மழையில் சைக்கிள் சறுக்கி, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போயிருந்தது. அந்தத் தம்பி காலைப் பிடித்துக்கொண்டே, “உச்சிமுரா சானுக்கும் இந்த மாதம்தான் கணுக்கால் போயிற்று” என்றார். “யார் அவர்?” என்று கேட்டேன். அவர் கை நின்றுவிட்டது. இந்த ஊரில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். 1989 ஜனவரி 3-ஆம் தேதி இதே ஊரில் பிறந்தவர். ஆறு கருவிகளிலும் ஒரே ஆள் போட்டியிடும் ஆல்ரவுண்டில் 2008 கடைசியிலிருந்து தொடர்ந்து 40 போட்டிகளில் தோற்காதவர். மாண்ட்ரியல் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் வால்ட்டில் (ஓடி வந்து ஒரு மேசை மேல் கை ஊன்றித் தாண்டுவது) பாய்ந்து இறங்கும்போது கணுக்கால் மடங்கி, அந்தத் தொடர் வெற்றி அங்கே அறுந்துபோயிற்று. கட்டு போட்டு முடிப்பதற்குள் இவ்வளவும் சொல்லிவிட்டார். தம்பி, நீங்கள் அன்று பேசாமல் வேலையை மட்டும் பார்த்திருந்தால் எனக்குக் கால் குணமாகியிருக்கும், அவ்வளவுதான். இந்தத் தொடர் பிறந்திருக்காது.

அடுத்தது எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி. இவருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

பாட்டியிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் பத்து வருடத்துக்கும் மேலான செய்தித்தாள் துணுக்குகள். எல்லாம் உச்சிமுரா. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் உட்காருவேன். பாட்டி ஒரு துணுக்கை எடுத்து மேசையில் நீவிவிட்டு, என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். தப்பாக வாசித்தால் விரலை அந்த எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டிருப்பார். சரியாக வாசிக்கும் வரை விரல் நகராது.

2008 பெய்ஜிங் துணுக்கை அப்படித்தான் படித்தேன். அப்போது உச்சிமுராவுக்கு 19 வயது. ஒலிம்பிக் ஆல்ரவுண்ட் இறுதியில் இரண்டாவது கருவியான பொமல் ஹார்ஸிலிருந்து (கைப்பிடிகளைப் பிடித்துக் கால்களைச் சுழற்றும் கருவி) இரண்டு முறை விழுந்தார். பட்டியலின் அடிமட்டத்துக்குப் போய்விட்டார். மீதி நான்கு கருவிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்து வெள்ளி வாங்கினார். ஜப்பான் ஆண்களுக்கு அந்தப் பிரிவில் 24 வருடம் கழித்துக் கிடைத்த பதக்கம் அது. ‘விழுந்தார்’ என்ற சொல்லின் மேல் பாட்டி விரலை வைத்திருந்தார். நான் சரியாகத்தான் வாசித்திருந்தேன். ஆனாலும் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

அந்த டப்பாவிலிருந்துதான் இசஹாயா கிடைத்தது. நாகசாகி மாவட்டத்தில் உள்ள ஊர். அப்பா கசுஹிசா, அம்மா ஷூக்கோ இருவருமே ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள். அங்கே சொந்தமாக ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். பையன் மூன்று வயதில் ஆரம்பித்தான். டிராம்போலின்தான் அவனுக்கு உயிர். காற்றில் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணை நம்பாமல் அறியும் பழக்கம் அங்கேதான் வந்தது. பார்த்த வித்தைகளை நோட்டில் குச்சி மனிதர்களாக வரைந்து வைப்பான். ஒரு பொம்மையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். 15 வயதில் வீட்டை விட்டு டோக்கியோவுக்குப் போனான். சுகஹாரா நவோயாவுடன் சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும் என்ற ஒரே ஆசை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குழுத் தங்கம் வாங்கியவர் நவோயா. அவருடைய அப்பா மிட்சுவோவின் பெயரில் ஒரு வால்ட் வித்தையே இருக்கிறது. 15 வயதுப் பிள்ளையை ஊர் விட்டு ஊர் அனுப்பிய அந்த அம்மா அப்பாவுக்கும் இந்த மடலில் ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை, இருந்தாலும்.

எங்கள் பகுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித் தரும் மாஸ்டருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். ‘எழுதுவது இருக்கட்டும், முதலில் தொங்கிப் பாருங்கள்’ என்று என்னை ஹை பாரில் தூக்கிவிட்டவர் இவர். 28 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பி. தரையிலிருந்து கிட்டத்தட்ட 2.8 மீட்டர் உயரம். கையில் மெக்னீசியம் கார்பனேட் பொடியைத் தேய்த்துக்கொண்டு சும்மா தொங்கினேன், அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இறங்கியதும் மாஸ்டர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல்களின் அடியில் வரிசையாகக் காய்ப்பு. அதன் நடுவே கிழிந்து ஆறி, மறுபடி கிழிந்து ஆறின தழும்புகள். ‘இது சாதாரணப் பயிற்சியாளன் கை. அவர் கையை நினைத்துப் பாருங்கள்’ என்றார். என் மூன்றாம் பகுதி முழுக்கக் கைகளைப் பற்றியே இருக்கிறதே என்று சிலர் கேட்டீர்கள். காரணம் இதுதான்.

பிரெட்ஷ்னைடர் என்ற வித்தையைப் புரிய வைத்தவரும் அவர்தான். கம்பியை விட்டுவிட்டு, அதற்கு மேலே இரண்டு பல்டி, அதற்குள்ளேயே இரண்டு முறுக்கு, திரும்பவும் அதே கம்பியைப் பிடிக்க வேண்டும். வாயால் சொன்னால் எனக்கு ஏறவில்லை. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சிறுமியிடம் துணிப் பொம்மையைக் கடன் வாங்கி, மெதுவாகச் சுற்றிக் காட்டினார். இசஹாயாவில் அந்தப் பையன் கையில் இருந்த பொம்மை எதற்கு என்று அந்த நிமிடம்தான் விளங்கியது. முப்பது வயதைத் தாண்டி, தோள் வலியால் மற்ற ஐந்து கருவிகளையும் விட்டுவிட்டு ஹை பார் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்ட உச்சிமுரா, அப்போது போய்ப் புதிதாகச் சேர்த்துக்கொண்ட வித்தை இது.

அப்புறம் எங்கள் பி.டி. சார். பள்ளியில் எனக்கு விளையாட்டு சொல்லித் தந்தவர். ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார். ஒவ்வொரு பகுதியையும் அவருக்குத்தான் முதலில் அனுப்பினேன். முதல் பகுதியைப் படித்துவிட்டுப் போன் செய்தார்.

“என்னடா, ‘தரையிறங்கினார்’னு எழுதியிருக்கே? விமானமா அது?”

“லேண்டிங்குக்கு வேற என்ன சார் எழுதறது?”

“அவன் என்ன பண்றான்? மேலேர்ந்து வந்து, ஒரு அடி நகராம, கால் ஊன்றி நிக்கிறான். அதை எழுது.”

அந்த ஒரு போனுக்கு அப்புறம் தொடர் முழுவதையும் திருத்தினேன். ஜப்பானியர்கள் அதை ‘சக்குச்சி’ என்பார்கள். உச்சிமுராவை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியதே அதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். கடினமான வித்தை செய்தவர்கள் அவர் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். கடைசியில் இரண்டு பாதமும் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும், உடம்பின் கோடு அழகாக இருக்க வேண்டும் என்று அவர் அளவுக்குப் பிடிவாதம் பிடித்தவர்கள் குறைவு. 2009-இலிருந்து 2015 வரை நடந்த ஆறு உலகப் போட்டிகளிலும் ஆல்ரவுண்ட் தங்கம். 2012 லண்டன், 2016 ரியோ என்று இரண்டு ஒலிம்பிக் ஆல்ரவுண்ட் தங்கம். இத்தனைக்கும் அடியில் அந்தப் பிடிவாதம் இருக்கிறது. சார், நீங்கள் கொடுத்த சொல் இல்லாமல் இதை நான் சொல்லியிருக்க முடியாது.

ஒசாக்காவில் இருக்கும் என் தோழிக்கு வேறு வகையான நன்றி. அவள் பாராட்டியதே இல்லை. லண்டன் ஒலிம்பிக் குழு இறுதியைப் பற்றிய பகுதியில், பொமல் ஹார்ஸிலிருந்து உச்சிமுரா தடுமாறி இறங்கியதையும், ஜப்பான் நான்காம் இடத்துக்குப் போனதையும், மேல்முறையீட்டில் மதிப்பெண் கூடி வெள்ளி கிடைத்ததையும் ஒரு சினிமாக் காட்சி போல எழுதியிருந்தேன். “உக்ரைன் என்ன ஆச்சு?” என்று ஒரே வரியில் பதில் அனுப்பினாள். மூன்றாம் இடத்தில் இருந்த உக்ரைன் அதே நிமிடம் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. வெள்ளி என்று துள்ளிக் குதித்த பிரிட்டனுக்கு வெண்கலம் ஆயிற்று. அதை நான் எழுதவே இல்லை. என் நாயகன் மேல் இருந்த பிரியத்தில் விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. திரும்ப எழுதினேன்.

அந்தப் பாடம் ரியோ ஆல்ரவுண்ட் இறுதியைப் பற்றி எழுதியபோது கைகொடுத்தது. ஐந்து கருவிகள் முடிந்தபோது உக்ரைனின் ஓலெக் வெர்னியாயேவ் 0.901 முன்னால் இருந்தார். மீதி ஹை பார் மட்டும். உச்சிமுரா கம்பியை விட்டு வந்து அசையாமல் நின்றார்: 15.800. வெர்னியாயேவுக்கு 14.800. மொத்தத்தில் 92.365-க்கு 92.266. வித்தியாசம் 0.099. பத்திரிகையாளர் சந்திப்பில், நடுவர்கள் உங்கள் மேல் பரிவு காட்டுகிறார்களா என்று ஒருவர் உச்சிமுராவைக் கேட்டார். அந்தக் கேள்வியே வீண் என்று உச்சிமுராவுக்காகப் பேசியவர், பக்கத்தில் வெள்ளியோடு உட்கார்ந்திருந்த வெர்னியாயேவ். முன்பு எழுதியது போல எழுதியிருந்தால் அவரை ‘எதிராளி’ என்று ஒரு வரியில் கடந்திருப்பேன். இப்போது அவருக்கு ஒரு முழுப் பகுதி இருக்கிறது. தோழி, அது உன்னால்.

தட்டச்சுப் பிழை திருத்திய தங்கைக்கும், இரவு வேளையில் சந்தேகம் கேட்டபோதெல்லாம் எரிச்சல்படாத அறைத் தோழர்களுக்கும் நன்றி.

கடைசியாக ஒருவர்: பாட்டியின் பேரன். 2021 உலகப் போட்டி கித்தாக்யூஷுவில் நடக்கிறது என்றதும் பாட்டிக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அந்த வருடம் ஜூலை 24 அன்று, டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், ஆளில்லாத அரங்கில் உச்சிமுராவின் கை கம்பியிலிருந்து நழுவி அவர் விழுந்ததைப் பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். அதைப் பற்றிப் பாட்டி துணுக்கு எதுவும் வெட்டவில்லை.

சரியாக மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 24. ஹை பார் இறுதி. எங்கள் இருக்கை உயரத்தில் இருந்தது. ஆள் சின்னதாகத் தெரிந்தார். ஆனால் கம்பி வளைந்து நிமிர்வது தெரிந்தது. பிரெட்ஷ்னைடர் வந்தபோது பாட்டி என் முழங்கையைப் பிடித்தவர் விடவே இல்லை. சுழன்றார், விட்டார், முறுக்கினார், இரண்டு காலும் பாயில் பதிந்தன. ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அவருக்கு ஆறாம் இடம்தான். பிறந்த ஊரில், 32 வயதில், ஆறாம் இடம். அடுத்த வருடம் மார்ச் 12 அன்று, 2011-இல் தன் மூன்றாவது உலக ஆல்ரவுண்ட் தங்கத்தை வாங்கிய அதே டோக்கியோ அரங்கில், ஆறு கருவிகளையும் கடைசியாக ஒரு முறை செய்து காட்டி விடைபெற்றார். நான் பார்த்த உச்சிமுரா கித்தாக்யூஷு உச்சிமுராதான். எனக்கு அது போதும்.

போன ஞாயிறு கடைசிப் பகுதியைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன், தமிழிலேயே. அவர்தான் கேட்டார், புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று. ஊர்ப் பெயர்கள் வரும்போது தலையாட்டினார். ‘கால் ஊன்றி நின்றார்’ என்ற இடத்தில் என்னை நிறுத்தி, “இது அடிக்கடி வருகிறதே, என்ன அது?” என்றார்.

எழுந்து, தாத்தாமிப் பாயில் ஒரு சின்னக் குதி குதித்து, இரண்டு பாதங்களையும் பதித்துக் கைகளை உயர்த்தி நின்றேன்.

“ஓ, சக்குச்சி” என்றார் பாட்டி. டப்பாவைத் திறந்து, மேலாக இருந்த அந்த அக்டோபர் டிக்கெட்டுகளில் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

நன்றியுடன்,
கித்தாக்யூஷுவிலிருந்து